மலிவு ஒருவருக்கு, புகை மற்றவருக்கு!

மலிவு என்னும் சொல்லுக்கு மயங்காதார் உலகில் எவருமில்லை. சந்தையிலே ஐந்து ரூபா குறைவு என்று கேள்விப்பட்டால், பத்துக் கடைகளைத் தாண்டிச் சென்று பொருள் வாங்குவது மனித இயல்பு. குடும்பத்தைக் கட்டிக்காக்கும் எவரையும் அதற்காக நாம் குறைகூறமாட்டோம். ஆனால், ஒரு பொருள் மலிவாகக் கைக்கு வரும்போது, அந்த மலிவின் மீதிப் பங்கை யார் தலையிலே கட்டுகின்றார்கள் என்று கேட்பதும் அறிவுடையோர் கடமை. அக்கேள்வியைக் கேட்க மறந்த சமூகம் மற்றவன் வீட்டுப் புகையைத் தன் வீட்டிலே சுவாசித்துக்கொண்டு, மலிவு மலிவு என்று கைதட்டிக்கொண்டிருக்கும்.

அமெரிக்க நாட்டின் ஓரூரில், சனநெரிசல் மிகுந்த ஒரு பெருங்கடை தன் வாசலிலே பெற்றோல் நிலையமொன்றைச் சேர்த்துக்கொள்ள முயன்ற கதையை இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம். அது 2015இல் முடிந்த வழக்கு. எங்கோ நடந்த வழக்கு எமக்கெதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. எமது நாட்டிலே புதிய பெற்றோல் நிலையங்கள் அமைக்க அந்நியக் கம்பனிகளுக்கு 2023இல் வழி திறந்துவிடப்பட்டது. அந்த நிலையம் நாளை உமது பாடசாலைக்கு அருகே, உமது கிணற்றுக்கு அருகே எழலாம். அன்று பேசுவதற்கு வேண்டிய சொற்களை இன்றே சேர்த்து வைப்பது நல்லது.

கடையா? சங்கமா?

கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் எம்மவர் விடுமுறையில் ஊருக்கு வந்தால் "கொஸ்கோ" என்னும் பெயரை ஒருமுறையாவது உச்சரிக்காமல் திரும்பிப்போவதில்லை. அது சாதாரண கடையன்று. பண்டகசாலை போன்ற பெரிய கட்டிடம். மூட்டையாகவும் பெட்டியாகவும் பொருள் விற்பனை. உள்ளே நுழைவதற்கே ஆண்டுச் சந்தா கட்டவேண்டும். இந்த முறையை 1976இல் கலிபோர்னியாவின் சன்டியாகோ நகரிலே சொல் பிரைஸ் என்பவர் தொடக்கிவைத்தார். 1983இல் சியாற்றில் நகரிலே கொஸ்கோ தோன்றியது. 1993இல் இரண்டும் ஒன்றாயின. 2024 செப்டெம்பர் முதல் அமெரிக்காவிலே சாதாரண சந்தா ஆண்டுக்கு 65 டொலர். மேல்தரச் சந்தா 130 டொலர்.

நியாயத்தை நியாயமாகவே சொல்லவேண்டும். அந்தக் கம்பனி பொருளிலே அதிக இலாபம் வைப்பதில்லை. தன் தொழிலாளருக்கு அந்நாட்டின் பல கடைகளைவிட நல்ல சம்பளம் கொடுக்கின்றது. அப்படியானால் அதன் இலாபம் எங்கிருந்து வருகின்றது? 2024ஆம் நிதியாண்டிலே அதன் தொழில் இலாபம் ஏறக்குறைய 928 கோடி டொலர். அதே ஆண்டிலே சந்தாவாக மாத்திரம் அது பெற்ற பணம் ஏறக்குறைய 482 கோடி டொலர். அதாவது இலாபத்தின் சரிபாதிக்கு மேற்பட்ட தொகை, வாசலைத் தாண்டும் உரிமைக்காக மக்கள் கட்டிய பணத்துக்குச் சமம்.

சந்தா கட்டியவருக்கு அந்தக் கம்பனி சூட்டும் பெயர் "அங்கத்தவர்". இந்தச் சொல்லைக் கேட்டதும் எம்மவர் நெஞ்சிலே ஒரு மரியாதை எழும். ஏனெனில் அங்கத்தவர் என்னும் சொல்லை நாம் சங்கக்கடையிலே கற்றோம். 1844இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரத்து நெசவாளரும் பிற தொழிலாளரும் சேர்ந்து கூட்டுறவுக் கடையை நடத்தத் தொடங்கியபோது, ஆளுக்கொரு வாக்கு என்பதை அடிப்படையாக வைத்தார்கள். பங்கு பத்து இருந்தாலும் வாக்கு ஒன்றே. அந்த வழியிலே வந்தவையே எமது கூட்டுறவுச் சங்கங்கள். பொதுக்கூட்டத்திலே சாதாரண தோட்டக்காரனும் எழுந்து நின்று தலைவரைக் கேள்வி கேட்கலாம். கணக்கைக் காட்டு என்று மேசையிலே தட்டலாம்.

கொஸ்கோவின் அங்கத்தவருக்கு இந்த உரிமையில் எது உண்டு? ஓர் அட்டை உண்டு, அதிலே அவருடைய படம் உண்டு, வாக்கு இல்லை. கடை எங்கே கட்டப்படவேண்டும், பெற்றோல் தாங்கி எங்கே புதைக்கப்படவேண்டும் என்று அவரை எவரும் கேட்பதில்லை. வாக்கு வேண்டுமானால் பங்குச்சந்தையிலே கம்பனியின் பங்கை வாங்கவேண்டும். அங்கேயும் ஆளுக்கொரு வாக்கில்லை, பங்குக்கொரு வாக்கு. அங்கத்தவரின் நிலையே இதுவானால், அங்கத்தவரல்லாத அயலவரின் நிலை என்ன? அவர் மலிவையும் பெறமாட்டார், கேள்வியும் கேட்கமுடியாது, புகையை மாத்திரம் இலவசமாகப் பெறுவார்!

தூண்டிலிலே மாட்டிய புழு

1995ஆம் ஆண்டளவிலே இந்தக் கம்பனி பெற்றோல் விற்பனையிலும் இறங்கியது. இன்று 700க்கு மேற்பட்ட இடங்களிலே அதன் பெற்றோல் நிலையங்கள் நடக்கின்றன. விலை பெரும்பாலும் சுற்றியுள்ள நிலையங்களைவிடக் குறைவு. பெரும்பாலான இடங்களிலே அங்கத்தவருக்கே விற்பனை. பெற்றோல் நிரப்ப வந்தவர் கடைக்குள்ளும் நுழைவார்; பெற்றோலுக்காகவே புதிதாகச் சந்தா கட்டுபவரும் உண்டு. மீனவர் தூண்டிலிலே புழுவை மாட்டுவது மீனின் பசியைத் தீர்ப்பதற்கன்று.

வியாபாரி தூண்டில் போடுவது அவன் தொழில்; அதிலே நாம் தலையிடவில்லை. ஆனால் தூண்டில் போடும் இடம் ஊராரின் குளமாக இருக்கும்போது ஊரார் வாய் திறக்கவேண்டாமா? ஏற்கெனவே நெருக்கடி மிகுந்த ஒரு கடையின் வாசலிலே, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான வண்டிகளை மேலதிகமாக இழுத்துவரும் ஒரு நிலையத்தைச் சேர்ப்பது கடைக்காரனின் உள்வீட்டுக் காரியமா? வீதி அவனுடையதா? காற்று அவனுடையதா? பக்கத்துப் பாடசாலையின் பிள்ளைகள் அவனுடைய சரக்கா?

வீற்றன் ஊரார் செய்தது

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு வடக்கே, மேரிலாந்து மாநிலத்தின் மொன்ற்கொமரி மாவட்டத்தில் வீற்றன் என்று ஓரூர். அங்கே ஒரு பழைய வணிக வளாகம் உண்டு. அதனுள்ளே கொஸ்கோவைக் கொண்டுவருவதற்காக வளாகத்தின் உரிமையாளருக்கு 40 இலட்சம் டொலர் பொதுப்பணத்தைக் கொடுக்க மாவட்ட ஆட்சி உடன்பட்டது. 2013இல் கடை திறக்கப்பட்டது. கடையோடு 16 பம்புகள் கொண்ட பெற்றோல் நிலையமொன்றையும் வாகனத் தரிப்பிடத்திலே அமைக்கக் கம்பனி அனுமதி கேட்டது.

எவ்வளவு பெற்றோல்? ஆண்டொன்றுக்கு 120 இலட்சம் அமெரிக்கக் கலன் வரை. எமது கணக்கிலே அது ஏறக்குறைய 4 கோடியே 54 இலட்சம் லீற்றர். நாளொன்றுக்குப் பங்கிட்டால் ஏறக்குறைய 1 இலட்சத்து 24 ஆயிரம் லீற்றர். வண்டியொன்று 40 லீற்றர் நிரப்புவதாக வைத்துக்கொண்டால், நாள்தோறும் 3,100 வண்டிகள் அங்கே வந்து வரிசையில் நின்று, இயந்திரத்தை நிறுத்தாமல் உறுமிக்கொண்டு முன்னேறவேண்டும். அவற்றின் தாகத்தைத் தீர்க்கப் பெரிய தாங்கி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிலத்தடித் தாங்கிகளை நிரப்பவேண்டும்.

அந்த இடத்துக்கு அண்மையிலே இருப்பவை எவை? ஒருபுறம் குடிமனைகள். அருகிலே அயலூர்க் குடும்பங்கள் கோடைகாலத்திலே பிள்ளைகளுடன் கூடும் நீச்சற் குளம். ஆயிரம் அடிக்குட்பட்ட தூரத்தில் ஸ்ரீபன் நோல்ஸ் என்னும் பாடசாலை. அது விசேட தேவையுடைய பிள்ளைகள் பயிலும் பாடசாலை. அவர்களுட் பலர் உடல்நலம் குன்றியவர்கள். மூச்சு இழுப்பதே சிலருக்கு அன்றாடப் போராட்டம். மலிவான பெற்றோலின் மீதி விலையைக் கட்டும்படி இந்தப் பிள்ளைகளிடம் கேட்கப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஊரார் வாளாவிருக்கவில்லை. அவர்கள் செல்வர்களல்லர், அரச செல்வாக்குடையோருமல்லர். அவர்கள் ஒன்றுகூடினர். மாவட்ட சபையிலே முறையிட்டனர். கலிபோர்னியாவின் வளிமண்டலச் சபை, ஆண்டுக்கு 36 இலட்சம் கலனுக்கு மேல் விற்கும் பெரிய நிலையங்களைப் பாடசாலை, குடிமனை போன்ற இடங்களிலிருந்து 300 அடிக்கு அப்பால் வைக்கவேண்டும் என்று 2005இல் பரிந்துரைத்திருந்தது. அந்த அளவையே அடியொற்றி மொன்ற்கொமரி மாவட்ட சபை 2012இல் விதியொன்றை இயற்றியது. முதலில் 1,000 அடி என்று முன்மொழியப்பட்டது. பேரம் பேசி 300 அடியாக்கப்பட்டது.

300 அடி போதாது என்று கண்ட ஊரார் அடுத்த வாசலைத் தட்டினர். அம்மாவட்டச் சட்டப்படி பெற்றோல் நிலையம் அமைக்க விசேட அனுமதி வேண்டும். அதற்கு விசாரணை அதிகாரியின் முன்னிலையிலே பகிரங்க விசாரணை நடக்கவேண்டும். அங்கே தீங்கு வரும் என்று நிரூபிக்கும் சுமை ஏழை அயலவரின் தலையிலே ஏற்றப்படுவதில்லை. தீங்கு வராது என்று நிரூபிக்கும் சுமை அனுமதி கேட்டு வருபவரின் தலையிலேயே இருக்கின்றது. இந்த ஒரு விதியே வீற்றன் ஊராரைக் காப்பாற்றியது.

2013இல் தொடங்கிய விசாரணை 2014 வரை நீண்டது. முப்பது நாள்களுக்கு மேல் அமர்வுகள். கம்பனியின் பக்கம் வழக்கறிஞரும் நிபுணரும் அணிவகுத்தனர். மறுபக்கத்திலே அயலவர் தாமே எழுந்து நின்று நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்தனர். வண்டிகள் வெளிவிடும் நைதரசன் ஈரொட்சைட்டு எவ்வளவு, நெஞ்சுக்குள்ளே இறங்கும் நுண்துகள் எவ்வளவு, காற்று எந்தத் திசையிலே எந்தக் காலத்திலே வீசுகின்றது என்று அவர்கள் படித்துத் தேர்ந்து கேட்டனர். விசாரணை அதிகாரி 200 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையொன்றை எழுதினார். அயலவரின் உடல்நலத்துக்குத் தீங்கு வராது என்பதைக் கம்பனி நிரூபிக்கவில்லை. நெரிசல் மிகுந்த தரிப்பிடத்திலே இந்த நிலையம் மேலும் நெரிசலைக் கொண்டுவரும். ஆகவே அனுமதி மறுக்கப்படவேண்டும் என்பது அவர் முடிவு. 2015இல் மேன்முறையீட்டுச் சபை அதனை ஏற்று அனுமதியை மறுத்தது. அதே ஆண்டிலே மாவட்ட சபை 300 அடியை 500 அடியாக உயர்த்தியது.

கடை மூடப்பட்டதா? இல்லை. பெற்றோல் நிலையம் இல்லாமலே அது நடந்துவருகின்றது. ஊர் வறுமையுற்றதா? இல்லை. பெற்றோல் கிடைக்காமல் வண்டிகள் வீதியிலே நின்றனவா? அதுவுமில்லை. "இதைத் தடுத்தால் முன்னேற்றம் நின்றுவிடும்" என்று பயங்காட்டுவோருக்கு வீற்றன் ஊர் இன்றும் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

எதிர்வாதங்கள்

எதிர்த்தரப்பாரின் வாதங்களை மறைத்துவிட்டுத் தன் வாதத்தை மாத்திரம் பேசுவது கோழையின் வேலை. ஆகவே அவற்றையும் எடுத்து ஆராய்வோம்.

"மலிவான பெற்றோல் ஏழைக்கு உதவுகின்றதே" என்பார்கள். உண்மையான ஏழைக்கு வண்டியே இல்லை. வண்டி உள்ள ஏழைக்கும் முதலிலே சந்தாப் பணம் வேண்டும். ஆண்டுக்குச் சில நூறு கலன் நிரப்பும் ஒருவருக்குக் கலனுக்கு இருபது சதம் மிஞ்சினாலும், அந்த மிச்சத்தின் பெரும்பகுதி சந்தாவாகவே திரும்பிப் போய்விடும். கடைக்குள்ளேயும் பொருள் வாங்கக்கூடிய நடுத்தரக் குடும்பத்துக்கே முழுப்பயன். அது பயனில்லை என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பயனுக்காகப் பிறர் பிள்ளையின் மூச்சை ஈடுவைக்கக் கூடாது என்றே சொல்கின்றோம்.

"இங்கே நிரப்பாவிட்டால் வேறெங்கோ நிரப்புவார்கள்; புகை புகைதானே" என்பார்கள். பத்து நிலையங்களிலே பரந்து வெளியேறும் புகையும், ஒரே வாசலிலே வரிசை கட்டி நின்று வெளிவிடும் புகையும் ஒன்றல்ல. பரந்து கிடக்கும் நீரில் கணுக்கால் நனையும். அதே நீர் ஒரு குழியிலே தேங்கினால் குழந்தை மூழ்கிவிடும். செறிவே தீங்கின் அளவை நிர்ணயிக்கின்றது என்பதை வைத்தியர் எவரும் சொல்வர்.

"புகையும் ஆவியும் தீங்கு செய்யும் என்பது வெறும் பயம்" என்பார்கள். பெற்றோலிலே உள்ள பென்சீன் மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கின்றது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் மார்க்கஸ் ஹில்பேட் என்பவரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளரும் 2018இல் வெளியிட்ட ஆய்விலே, பெற்றோல் நிலையங்களின் தாங்கிக் குழாய்கள் வழியே வெளியேறும் ஆவியை அளந்து பார்த்தனர். பாதுகாப்புத் தூரத்தை வகுத்தபோது கணக்கிட்டதைவிடப் பத்து மடங்கு ஆவி வெளியேறுவதையும், சில வேளைகளில் 160 மீற்றர் தூரம்வரை பென்சீனின் அளவு குறுகியகால வரம்பைத் தாண்டக்கூடும் என்பதையும் கண்டனர். 160 மீற்றர் என்றால் 500 அடிக்கு மேல். 2015இல் "வீண் பயம்" என்று ஏளனஞ் செய்யப்பட்ட அயலவர் கேட்ட தூரம் வீணானதன்று என்பதை மூன்றாண்டுகளின் பின் விஞ்ஞானம் காட்டியது.

"போட்டி வந்தால்தான் விலை குறையும்" என்பது இறுதி வாதம். போட்டி நல்லதே. ஆனால் பெற்றோலிலே இலாபம் எடுக்காவிட்டாலும் சந்தாவிலே எடுத்துக்கொள்ளும் கம்பனிக்கும், பெற்றோலை மாத்திரம் நம்பிக் குடும்பம் நடத்தும் சிறு நிலையக்காரனுக்கும் நடப்பது போட்டியா? ஒருவன் காலிலே கல்லைக் கட்டிவிட்டு ஓடச் சொல்வது பந்தயமன்று. சிறியவன் வீழ்ந்தபின் பெரியவன் இதே விலையிலே விற்பான் என்று எழுதிக்கொடுத்தவர் யார்?

கலிபோர்னியாவின் பெற்றலூமா நகரம் இதைவிடவும் ஒருபடி மேலே சென்றது. 60 ஆயிரம் மக்கள் வாழும் அந்நகரிலே ஏற்கெனவே 16 நிலையங்கள் இருந்தன. இவை போதும், இனிப் புதிய பெற்றோல் நிலையம் வேண்டாம் என்று 2021 மார்ச்சிலே அந்நகர சபை சட்டஞ் செய்தது. அமெரிக்காவிலே அப்படிச் செய்த முதல் நகரம் அது. எமக்கு அந்த அளவு வேண்டும் என்று நாம் கோரவில்லை. "போதும்" என்று சொல்லும் அதிகாரம் ஊராரிடம் இருக்கவேண்டும் என்பதே எமது கட்சி.

எம்மண்ணின் கணக்கு

இனி எமது முற்றத்துக்கு வருவோம். பெற்றோலின் அருமையை எமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 2022இலே நாடு முழுவதும் எரிபொருளுக்காக வரிசையிலே நின்றது. நின்ற இடத்திலேயே உயிர்விட்ட முதியவர்களும் உண்டு. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. மண்ணெண்ணெய் இயந்திரத்தால் கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் வளர்த்த விவசாயியும், படகோட்டிய கடற்றொழிலாளியும் அன்று பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. ஆகவே எரிபொருள் வேண்டாம் என்று சொல்லும் பைத்தியக்காரர் எவரும் எம்மில் இல்லை.

அந்தத் துன்பத்தையே காரணங்காட்டி 2023இலே மூன்று அந்நியக் கம்பனிகளுக்கு இந்நாட்டின் எரிபொருள் விற்பனையைத் திறந்துவிட அமைச்சரவை இணங்கியது. ஒவ்வொன்றுக்கும் இருக்கும் நிலையங்களில் 150. அவற்றோடு புதிய இடங்களில் 50. அனுமதிக் காலம் 20 ஆண்டுகள். அவற்றுள் ஒரு கம்பனி பின்னர் விலகிவிட்டது. மற்றவை தொழில் நடத்துகின்றன. நாம் கேட்பது இது ஒன்றே: புதிய நிலையங்கள் எங்கே எழும்? எவரைக் கேட்டு எழும்? அயலிலே குடியிருப்பவன் தன் வாயாலே பேசுவதற்கு நாளும் இடமும் குறித்துக் கொடுக்கப்படுமா? அன்றி, ஒரு நாட்காலையிலே தகர வேலி அடைக்கப்பட்ட பின்பு, "எல்லாம் அனுமதியோடுதான்" என்று ஒரு கடதாசியைக் காட்டுவார்களா?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இந்தக் கேள்விக்கு இரட்டிப்புக் கனம் உண்டு. எமக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளிலே தேங்கிய மழைநீரே எமக்குக் குடிநீர். அதுவே எமது பயிரின் உயிர்நீர். அந்தக் கல் ஓட்டை நிறைந்தது. மேலே சிந்தியது கீழே இறங்கும். ஒரு வளவிலே இறங்கியது பத்து வளவுக் கிணறுகளிலே தலைகாட்டும். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2014இலே வெளியிட்ட கணக்கின்படி, சாதாரண நிலையமொன்றிலே வண்டிகளுக்கு நிரப்பும்போது துளித்துளியாகச் சிந்தும் பெற்றோல் மாத்திரம் பத்தாண்டிலே ஏறக்குறைய 1,500 லீற்றர். அது கொங்கிறீற்றுத் தளத்தையும் ஊடுருவிச் செல்லக்கூடியது. இது தாங்கி வெடித்துக் கசிந்த கணக்கன்று. நல்லபடி நடக்கும் நிலையத்தின் கணக்கு!

எண்ணெய் கிணற்றிலே இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்குச் சுன்னாகம் சாட்சி. அங்கே மின் நிலையத்துக் கழிவெண்ணெய் அயற்கிணறுகளிலே கலந்தது. வாளியிலே அள்ளிய தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. தண்ணீருக்காக எமது மக்கள் தாங்கி வண்டியை எதிர்பார்த்துக் காத்து நின்றனர். வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019 ஏப்பிரலிலே 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி மின் நிலையத்தை நடத்திய கம்பனிக்குக் கட்டளையிடப்பட்டது. நீதி கிடைத்தது என்று மகிழ்வோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீற்றனிலே விசாரணை நிலையம் கட்டுமுன் நடந்தது. சுன்னாகத்திலே தண்ணீர் கெட்டபின் நடந்தது. அங்கே கம்பனி நிரூபிக்கவேண்டியிருந்தது. இங்கே எண்ணெய் மிதந்த வாளியோடு மக்கள் அலையவேண்டியிருந்தது. வெள்ளம் வருமுன் அணை கட்டியவர்களுக்கும், வெள்ளம் போனபின் வீடு தேடியவர்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

வேண்டுவது என்ன?

2025 மே மாதத் தேர்தலிலே மக்கள் வாக்கால் தெரிவான பிரதேச சபைகளும், நகர சபைகளும், மாநகர சபைகளும் எம்மிடையே உண்டு. அவற்றின் அங்கத்தவர்கள் வாக்குப் பெற்ற அங்கத்தவர்கள். சந்தா கட்டிய அங்கத்தவர்களல்லர். அவர்களிடம் நாம் நான்கு காரியங்களைக் கேட்கின்றோம்.

முதலாவது, புதிய பெற்றோல் நிலையத்துக்கோ இருப்பதைப் பெருப்பிப்பதற்கோ அனுமதி கேட்கப்பட்டால், தமிழிலே பகிரங்க அறிவித்தல் இட்டு, அயலவரைக் கூட்டி, அவர்கள் முன்னிலையிலே விசாரணை நடத்தவேண்டும். இரண்டாவது, தீங்கு வராது என்று நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையதாக இருக்கவேண்டும். மூன்றாவது, பாடசாலைக்கும் ஆசுபத்திரிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இவ்வளவு தூரம் என்று வரம்பு விதித்து, சுற்றுக் கிணறுகளின் நீரை நிலையம் கட்டுமுன் ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் பரிசோதித்து, முடிவைச் சபையின் வாசலிலே ஒட்டவேண்டும். நான்காவது, ஓரூருக்கு நிலையம் உண்மையிலே தேவையென்று கண்டால், அவ்வூர்ப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கு முதலிடம் கொடுக்கவேண்டும். இந்த விதிகள் கூட்டுறவுச் சங்கத்துக்கும் பொருந்தும். சங்கத்தின் பெற்றோல் என்பதற்காக அது கிணற்றுக்குள்ளே தித்திக்கப்போவதில்லை!

இந்தச் சட்டதிட்டமெல்லாம் மேலிடத்துக்குரியவை. உள்ளூர்ச் சபைக்கு என்ன அதிகாரம் என்று சிலர் நழுவக்கூடும். சட்டஞ் செய்யும் அதிகாரம் குறைவாக இருக்கலாம். கூட்டம் கூட்டவும் தீர்மானம் நிறைவேற்றவும் ஊராரின் குரலை எழுத்திலே பதிந்து மேலிடத்துக்கு அனுப்பவும் எவரும் தடை விதிக்கவில்லை. வீற்றன் ஊராரும் முதலிலே வெறுங்கையோடுதான் எழுந்தார்கள்.

எமது வாசகர்களிடமும் கடுமையாக ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கின்றது. சங்கக்கடையின் அங்கத்தவருக்கு வாக்குண்டு என்று மேலே பெருமை பேசினோம். அந்த வாக்கை நம்மில் எத்தனை பேர் பயன்படுத்துகின்றோம்? சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்குச் சென்றவர் எத்தனை பேர்? கணக்கறிக்கையைப் புரட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? வாக்கிருந்தும் வாய் திறவாதவன், வாக்கில்லாத அட்டைக்காரனைவிட எவ்விதத்தில் உயர்ந்தவன்?

வைத்தியர்களே, பொறியியலாளர்களே, சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே! ஓரூரின் விசாரணையிலே நிபுணருக்கு எதிராக நிபுணராக எழுந்து நிற்கும் அறிவு உங்களிடம் உண்டு. அதனைக் கம்பனிக்கு விலைக்கு விற்பதற்கு முன்னர் ஊருக்கு ஒருநாள் இரவலாகக் கொடுங்கள். விவசாயப் பெருமக்களே! உங்கள் கிணற்று நீரின் நிறமும் சுவையும் மணமும் உங்களைவிட நன்றாக அறிந்த விஞ்ஞானி உலகில் இல்லை. இன்றைய நிலையை இன்றே எழுதி வையுங்கள். போத்தலிலே எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்து, கிடைக்கும் கடதாசியை உறுதியோடு சேர்த்துப் பூட்டி வையுங்கள். நாளை வழக்கு வந்தால் அதுவே உங்கள் முதற்சாட்சி.

மலிவு வரட்டும், யாரும் கதவை அடைக்கவில்லை. ஆனால் வாசலிலே நின்று அது ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே வரட்டும்: உன் மீதி விலையை யார் கட்டுகின்றார்கள்? அக்கேள்விக்கு வீற்றனிலே ஊரார் பதில் வாங்கினார்கள். எமது ஊர்களிலும் வாங்கியே தீரவேண்டும். பக்கத்துப் பாடசாலைப் பிள்ளையின் மூச்சும், முற்றத்துக் கிணற்றின் தண்ணீரும் எந்தக் கம்பனியின் சந்தாவிலும் அடங்கியவையல்ல.